இணையச் சொல்விளையாட்டுகளில் முறைவரிசையும் நேர்மையும்: மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு சொல்லின் ஈற்றெழுத்தை முதலாகக் கொண்டு அடுத்தவர் சொல் கூறும் சொற்சங்கிலி விளையாட்டு, இன்று கைப்பேசிச் செயலிகளிலும் இணையவழி வகுப்புகளிலும் தமிழில் ஆடப்படுகிறது. இதன் விதிகள் பெரும்பாலும் ஆங்கிலம், சப்பானியம் ஆகிய மொழிகளின் விளையாட்டுகளை ஒட்டி அமைந்தவை. தமிழின் மொழிமுதல், மொழியிறுதி எழுத்து வரையறைகளோடு பொருத்திப் பார்க்கும்போது, இவ்விதிகள் யார் முதலில் ஆடுகிறார், யாருக்குப் பின் யார் ஆடுகிறார் என்பதையே வெற்றிக்குரிய காரணமாக்கிவிடுகின்றன என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது. இதற்குத் தமிழின் இயல்புக்கு ஏற்ற சில மாற்று விதிகளையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்

சொற்சங்கிலி, முறைவரிசை, மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து, அந்தாதி, நன்னூல், தொல்காப்பியம், ஒருங்குறி

முன்னுரை

விளையாட்டில் "என் முறை", "உன் முறை" என்பன சிறுவர் வாயிலும் இயல்பாக வழங்கும் சொற்கள். முறை என்னும் சொல்லுக்கு வரிசை என்பதோடு நீதி என்ற பொருளும் தமிழில் உண்டு. வரிசை சரியாக இருந்தால் நீதியும் இருக்கும் என்ற நம்பிக்கை இவ்விரு பொருள்களும் ஒரு சொல்லில் இணைந்திருப்பதில் தெரிகிறது. இந்நம்பிக்கை எல்லா விளையாட்டுக்கும் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் அடிப்படை வினா.

இணையச் சொல்விளையாட்டுகளைப் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் அவற்றின் கற்பித்தற் பயனையே பேசுகின்றன. சொல்வளம் பெருகுகிறது, ஆர்வம் கூடுகிறது என்னும் முடிவுகள் அவற்றில் மீண்டும் மீண்டும் வருகின்றன. விளையாட்டில் வென்றவர் உண்மையில் சொல்வளத்தால் வென்றாரா, அமர்ந்த இடத்தால் வென்றாரா என்ற வினா எழுப்பப்படுவதில்லை. விளையாட்டின் மதிப்பெண்ணை மாணவரின் மொழித்திறனுக்கு அளவுகோலாகக் கொள்ளும் நிலை வரும்போது இவ்வினாவைத் தள்ளிவைக்க இயலாது.

முதலில் ஆடுபவரின் சாதகம்

முறை மாற்றி ஆடும் விளையாட்டுகளில் முதலில் ஆடுபவருக்குச் சாதகம் அமைவது புதிதன்று. கோ விளையாட்டில் கறுப்புக் காயினர் முதலில் ஆடுவதால் வெள்ளைக் காயினருக்கு ஈடாகப் புள்ளிகள் தரப்படுகின்றன. சப்பானில் அது 6.5 புள்ளி, சீனாவில் 7.5 புள்ளி. கால்பந்தில் சமநிலைக்குப் பின் இரு அணியும் மாறி மாறி உதைக்கும் முறையால் முதலில் உதைக்கும் அணிக்குச் சாதகம் உண்டு என்ற ஐயத்தால், ஓர் அணி ஒரு முறையும் பின் ஒவ்வோர் அணியும் இருமுறை தொடர்ந்தும் உதைக்கும் வரிசை 2017இல் சோதித்துப் பார்க்கப்பட்டு, 2018இல் கைவிடப்பட்டது.

சொல்விளையாட்டுகளில் ஸ்கிராபிள் நன்கு அறியப்பட்டது. 1930களில் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ் உருவாக்கிய இவ்விளையாட்டில் 15க்கு 15 கட்டங்கள். ஆங்கிலப் பதிப்பில் 100 சில்லுகள். முதற்சொல் நடுக்கட்டத்தைத் தொட்டே அமைய வேண்டும். அக்கட்டம் சொல்லின் மதிப்பை இரட்டிப்பாக்கும். ஆகவே முதலில் ஆடுபவருக்கு ஒரு பரிசு உறுதியாகிறது. பையில் சில்லு தீர்ந்தபின் ஒருவர் தம் சில்லுகளை முடித்தவுடன் ஆட்டம் முடிவதால், மற்றவருக்கு ஒரு முறை குறையவும் கூடும். மறுபுறம், முதலில் ஆடுபவர் எதிராளிக்குப் பலகையைத் திறந்துவைக்கவும் செய்கிறார். போட்டிகளில் ஒருவர் எத்தனை ஆட்டங்களை முதலில் தொடங்கினார் என்பது கணக்கில் வைக்கப்பட்டுச் சமன்செய்யப்படுவது இச்சிக்கலை அமைப்பாளர்கள் உணர்ந்திருப்பதற்குச் சான்று.

ஸ்கிராபிளில் சில்லு எடுப்பது தற்செயல். ஆகவே முதலில் ஆடுபவரின் சாதகம் ஒரு சாய்வு மட்டுமே, அதுவே முடிவன்று. சொற்சங்கிலியில் தற்செயலுக்கு இடமில்லை. எர்ன்ஸ்ட் செர்மெலோ 1913இல் சதுரங்கத்தை முன்வைத்துக் காட்டிய கருத்து இங்குப் பொருந்தும்: மறைபொருள் இல்லாத, தற்செயல் இல்லாத, முடிவுறும் இருவர் ஆட்டத்தில் சமநிலைக்கு வழியில்லையெனில், இருவருள் ஒருவருக்கு உறுதியான வெற்றிவழி தொடக்கத்திலேயே அமைந்திருக்கும். சொல்லை மீண்டும் கூறலாகாது என்ற விதியும், விடைகூற இயலாதவர் தோற்பார் என்ற விதியும் உள்ள சொற்சங்கிலி இவ்வகையைச் சேர்ந்தது. அவ்வழியைக் கண்டறிவது எளிதன்று. இவ்விளையாட்டின் பொதுவடிவம் கணிப்பியலில் மிகக் கடினமான சிக்கல்களுள் ஒன்று என்பதைத் தாமஸ் ஷேஃபர் 1978இல் நிறுவினார். அகராதி பெரிதாக இருக்கும்வரை இக்கடினமே விளையாட்டைக் காப்பாற்றுகிறது. அக்காப்பு தமிழில் எந்த அளவுக்கு நிற்கிறது என்பதை அடுத்துக் காண்போம்.

மொழியிறுதியும் மொழிமுதலும்

ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் சொல்லுக்கு முதலாக வரும். ஆகவே எந்தச் சொல்லில் முடித்தாலும் அடுத்தவருக்கு ஏதேனும் ஒரு வழி உண்டு. சப்பானியரின் சிரித்தோரி விளையாட்டில் 'ன்' என ஒலிக்கும் ஓர் எழுத்து மட்டும் சொல்லுக்கு முதலாக வாராது. எனவே அவ்வெழுத்தில் முடியும் சொல்லைக் கூறியவரே தோற்றவர் என்ற விதியை அவர்கள் வகுத்துக்கொண்டனர். ஒரே ஒரு விலக்கு என்பதால் விதி எளிதாக நிற்கிறது.

தமிழின் நிலை வேறு. நன்னூலார் கணக்கில் மொழிமுதல் எழுத்துகள் 103. உயிர் 12, க, ச, த, ந, ப, ம ஆகிய ஆறு வருக்கங்கள் 72, வகரம் 8, யகரம் 6, ஞகரம் 4, ஙகரம் 1. உயிரும் உயிர்மெய்யுமாகிய 228 எழுத்துகளுள் எஞ்சிய 125 எழுத்துகள் சொல்லுக்கு முதலாகா. தனிமெய் எதுவும் முதலாகாது. மொழியிறுதியாக நன்னூலார் கூறுவன 24: உயிர் 12, மெய் 11, குற்றியலுகரம் 1. மெய்களுள் ஞ், ந், வ் ஆகியவை உரிஞ், பொருந், தெவ் போன்ற அருகிய சொற்களில் மட்டுமே ஈறாகும். வழக்கில் நிற்பவை ண், ம், ய், ர், ல், ழ், ள், ன் என்னும் எட்டு. இவ்வெட்டனுள் ம், ய் ஆகிய இரண்டின் வருக்கங்களே மொழிமுதலில் இடம்பெறுகின்றன. மற்ற ஆறும் மொழிமுதலில் வாரா.

உயிரீற்றுச் சொற்களிலும் இதே நிலை. நாடு, காற்று, மலை, கிளி, மணி, கடை ஆகியவற்றின் ஈற்றெழுத்துகளான டு, று, லை, ளி, ணி, டை ஆகிய எவற்றையும் முதலாகக் கொண்ட தமிழ்ச்சொல் இல்லை. முன்னே செல்ல வழியில்லாத சந்தை முட்டுச்சந்து என்பது போல, அடுத்தவருக்கு வழிவிடாத இத்தகைய சொல்லை இக்கட்டுரை முட்டுச்சொல் எனக் குறிக்கிறது.

தமிழில் முட்டுச்சொற்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. இலக்கணமே அவற்றை ஆக்கித் தருகிறது. அன், அள், அர் என்னும் பால்காட்டும் விகுதிகளும், கள் என்னும் பன்மை விகுதியும், தல், அல் என்னும் தொழிற்பெயர் விகுதிகளும் மொழிமுதலாகாத மெய்களிலேயே முடிகின்றன. 'மரம்' என்றால் அடுத்தவர் மகரத்தில் தொடரலாம்; 'மரங்கள்' என்றால் ஆட்டம் அங்கேயே முடிகிறது. எண்ணிறந்த பெயர்களை ஒரு விகுதி சேர்த்து முட்டுச்சொல்லாக்க முடியும் என்பது இதன் பொருள்.

இரு விதிகள், இரு குறைகள்

விடைகூற இயலாதவர் தோற்பார் என்ற விதியை மட்டும் வைத்துத் தமிழில் ஆடினால், முதலில் ஆடுபவர் 'கல்' என்று ஒரு சொல் கூறி வென்றுவிடலாம். அடுத்தவர் எத்துணைப் பெரிய சொற்களஞ்சியத்தை நெஞ்சில் வைத்திருந்தாலும் பயனில்லை. முதலில் ஆடும் சாதகம் இங்குச் சாய்வு என்ற நிலையைக் கடந்து முழுவெற்றியாகிவிடுகிறது.

இதைத் தவிர்க்கச் சிரித்தோரியைப் பின்பற்றி, முட்டுச்சொல் கூறியவரே தோற்பார் என விதி செய்யலாம். அப்போது தமிழின் அன்றாடச் சொற்களில் பெரும்பகுதி ஆட்டத்திலிருந்து விலக்கப்படும். அவன், அவள், மலை, கடல், நாடு, வீடு எல்லாம் தோல்விச் சொற்களாகிவிடும். எஞ்சும் சொற்களோ மகர ஈற்றிலும், கை, சை, தை, தி, து, சி போன்ற சில எழுத்துகளிலும் குவியும். களம் சுருங்குகிறது, சுருங்கிய களத்தில் வெற்றிவழியைக் கணக்கிடுவது எளிதாகிறது. பெரிய அகராதி தந்த காப்பு இவ்வாறு நீங்குகிறது.

சுருங்கிய களத்தில் என்ன நிகழும் என்பதை ஒரு சிறு எடுத்துக்காட்டால் விளக்கலாம். இருவர் ஆடுகின்றனர், இருவருக்கும் எல்லாச் சொற்களும் தெரியும். ஈற்று மெய் அகரம் ஏறிய எழுத்தாகக் கொள்ளப்படும். பகை, கைதி, தினம், மது, மனம், துதி ஆகிய ஆறு சொற்களே களத்தில் உள்ளன. முதலாமவர் 'பகை' எனத் தொடங்குகிறார். இரண்டாமவர் 'கைதி' என்றும் முதலாமவர் 'தினம்' என்றும் கூறுவதைத் தவிர வேறு வழியில்லை. இப்போது இரண்டாமவர் 'மனம்' என்கிறார், முதலாமவர் 'மது', இரண்டாமவர் 'துதி'. தி என்னும் எழுத்தில் சொல் எஞ்சவில்லை. முதலாமவர் தோற்கிறார்.

களத்தில் 'திசை' என்னும் ஒரு சொல்லைச் சேர்ப்போம். 'கைதி'க்குப் பின் முதலாமவர் 'தினம்' என்னாது 'திசை' என்கிறார். சை என்னும் எழுத்தில் சொல் இல்லை. முதலாமவர் வெல்கிறார். இன்னும் ஒரு சொல்லாகச் 'சைவம்' என்பதைச் சேர்த்தால் முடிவு மீண்டும் மாறுகிறது. முதலாமவர் 'திசை' என்றாலும் 'தினம்' என்றாலும், தக்கவாறு ஆடும் இரண்டாமவர் வெல்வார் என்பதை எல்லாக் கிளைகளையும் எழுதிப் பார்த்து உறுதிசெய்யலாம். இம்மூன்று நிலைகளிலும் ஆடுவோரின் சொல்லறிவில் எந்த வேறுபாடும் இல்லை. மாறியவை அகராதியில் உள்ள ஓரிரு சொற்களே.

இங்கு வேறொரு நுட்பமும் உண்டு. தொல்காப்பியத்தில் பொதுவாக ஏற்கப்படும் பாடத்தின்படி, சகரம் அ, ஐ, ஔ என்னும் உயிர்களோடு மொழிமுதலாகாது. பாட வேறுபாடு பற்றிய விவாதமும் உண்டு. நன்னூலார் சகரத்திற்குப் பன்னிரண்டு உயிரையும் ஏற்கிறார். தொல்காப்பிய வரையறையைப் பின்பற்றினால் 'திசை' முட்டுச்சொல். அதைக் கூறியவர் தோற்பார். ஆகவே அச்சொல் களத்தில் இல்லாததற்குச் சமம். நன்னூல் வரையறையில் அது செல்லும் சொல். எந்த இலக்கண நூலை நடுவராகக் கொள்கிறோம் என்பது எந்த இருக்கை வெல்லும் என்பதை முடிவுசெய்யக்கூடும். ராகம், லட்சம் போன்ற சொற்களை ர, ல முதலாக ஏற்பதா, இராகம், இலட்சம் என உயிர் முன்வைத்து எழுதுவதா என்பதிலும் இதே நிலைதான். முன்னதை ஏற்றால் ரகர லகர ஈறுகளுக்கு வழி பிறக்கிறது. பின்னதை ஏற்றால் அவ்வழி அடைபடுகிறது. எழுத்துமரபு பற்றிய ஒரு கொள்கை முடிவு, ஆடுவோர் அறியாமலே அவர்தம் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது.

நிரல் பகுக்கும் எழுத்து

இணையத்தில் ஈற்றெழுத்தை முடிவுசெய்வது நடுவர் அல்லர்; நிரல். ஒருங்குறியில் 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. குறியீடுகளை எழுத்துகளாகக் கொள்ளும் நிரல், இச்சொல்லின் ஈறு புள்ளி என்றும், 'மலை' என்பதன் ஈறு ஐகாரக் குறி என்றும் கொள்ளும். உயிர்மெய்யை ஓரெழுத்தாகத் தொகுக்காத நிரல் எழுப்பும் தவறான வினாவுக்கு விடையளிக்க வேண்டியவர் சொல்லைக் கூறியவர் அல்லர், அடுத்திருப்பவர். பிழை எங்கு நிகழ்ந்தாலும் அதன் சுமை வரிசையில் பின்னிருப்பவர் மேலேயே விழுகிறது. எழுத்தெண்ணிக்கைக்கு மதிப்பெண் தரும் ஆட்டத்தில் மூன்றெழுத்தை ஐந்தாக எண்ணுவதும் இவ்வகைப் பிழையே.

எல்லோருக்கும் ஒரே கால அளவு என்பதும் நேர்மைக்கு உறுதியாகாது. ககரத்தில் தொடர வேண்டியவருக்கும் ஞகரத்தில் தொடர வேண்டியவருக்கும் ஒரே அளவு வினாடிகள் தரப்படுகின்றன, சுமையோ ஒன்றன்று. எந்த எழுத்து வரும் என்பதை முடிவுசெய்வதோ முன்னிருப்பவர்.

பலர் ஆடும்போது

மூவரும் அதற்கு மேற்பட்டோரும் ஆடும்போது சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. வட்டமாகச் சுற்றிவரும் நிலையான வரிசையில் ஒவ்வொருவருக்கும் முன்னிருப்பவர் எப்போதும் ஒருவரே. ஆட்டம் முழுவதும் ஒருவர் வல்லவரிடமிருந்தே எழுத்தைப் பெறுகிறார். இன்னொருவர் தொடக்கநிலையாளரிடமிருந்தே பெறுகிறார். எத்தனை சுற்று ஆடினாலும் இவ்வேறுபாடு ஈடாவதில்லை, கூடிக்கொண்டே போகிறது. வரிசையைத் தலைகீழாக்கினால் முன்னிருப்பவர் மாறுவர். அப்போதும் ஒருவர் இருவரிடமிருந்து மட்டுமே எழுத்துப் பெறுவார்.

நேர்மையை இரு நிலைகளில் பிரித்துக் காண்பது பயன்தரும். குலுக்கல் முறையில் வரிசையை அமைத்தால் எல்லோருக்கும் நல்ல இடம் கிடைக்கும் வாய்ப்புச் சமமாகிறது. இது ஆட்டத்துக்கு முந்தைய நேர்மை. வரிசை அமைந்தபின் ஒவ்வொருவரும் எதிர்கொள்ளும் சுமை சமமாக இருப்பது ஆட்டத்துக்குள்ளான நேர்மை. பொழுதுபோக்குக்கு ஆடுவோருக்கு முன்னது போதும். இடம் கெட்டதால் தோற்றேன் எனச் சிரித்துவிட்டு மறு ஆட்டம் தொடங்கலாம். ஆட்டத்தின் மதிப்பெண்ணைச் சொல்வளத்துக்குச் சான்றாகக் கொள்ளும்போது முன்னது போதாது. குலுக்கலில் கடைசி இடம் பெற்ற மாணவரின் ஏட்டில் எழுதப்படுவது அவருடைய இடத்தின் மதிப்பெண். அவருடைய தமிழின் மதிப்பெண் அன்று. தமிழ் வீட்டுமொழியாக மட்டும் எஞ்சியிருக்கும் நாடுகளில் வளரும் பிள்ளைக்கு, 'உனக்குச் சொல் தெரியவில்லை' என்னும் தவறான தீர்ப்பு மொழியையே கைவிடக் காரணமாகலாம்.

மாற்று விதிகள்

மேற்கண்ட குறைகளுக்கு மூன்று மாற்றங்களை இக்கட்டுரை பரிந்துரைக்கிறது.

முதலாவது, ஈற்றெழுத்து விதியைத் தமிழுக்கு ஏற்பத் திருத்துதல். ஈற்றெழுத்து மொழிமுதலாகாதெனில், சொல்லில் பின்னிருந்து முன்னோக்கிச் சென்று, மொழிமுதலாகும் எழுத்தை முதலில் கண்ட இடத்தில் நிறுத்தலாம். கிளி என்றால் கி. காற்று என்றால் கா. கதவு என்றால் த. எந்தத் தமிழ்ச் சொல்லின் முதலெழுத்தும் மொழிமுதலாகும் எழுத்தே என்பதால், இவ்விதியின்கீழ் முட்டுச்சொல் என ஒன்று இராது. சில வேளை ஆட்டம் ஒரே எழுத்தில் சுழலும் என்பது இதன் குறை; 'கடல்' ககரத்துக்கே திரும்பும். இக்குறையைவிட அன்றாடச் சொற்களெல்லாம் களத்துக்குத் திரும்புவது பெரிய பயன். யாப்பிலக்கணத்தார் அந்தாதியை எழுத்தோடு நிறுத்தாமல் அசை, சீர், அடி எனவும் விரித்தனர். ஈறு என்பது எழுத்தளவில் மட்டும் அமைய வேண்டியதில்லை என்ற நெகிழ்ச்சி நம் மரபிலேயே உள்ளது. ஆயினும் அந்தாதி ஒருவரே பாடுவது. ஈறு அங்கே தமக்குத் தாமே அமைத்துக்கொள்ளும் தொடக்கம். விளையாட்டில் ஈறு மற்றவருக்குத் தரப்படுவது. ஆகவே அந்தாதியை அப்படியே விளையாட்டாக்க இயலாது. அதன் நெகிழ்ச்சியைக் கொள்ளலாம்.

இரண்டாவது, இருவர் ஆட்டத்தில் தேர்வுரிமை. ஒருவர் தொடக்கச் சொல்லைக் கூற, அதற்கு விடையளிப்பதா, கூறியவரையே விடையளிக்கச் செய்வதா என்பதை மற்றவர் முடிவுசெய்யலாம். ஒருவர் பணியாரத்தைப் பங்கிட, மற்றவர் தம் பங்கை முதலில் எடுக்கும் வழக்கத்தின் நியாயமே இது. ஹெக்ஸ் என்னும் பலகை விளையாட்டில் இவ்விதி வழக்கில் உள்ளது. இயலாதபோது, ஒரே தொடக்கச் சொல்லில் இடம் மாற்றி இரு ஆட்டங்கள் ஆடி முடிவைக் கூட்டிக் காணலாம்.

மூன்றாவது, பலர் ஆட்டத்தில் சமன்செய்த வரிசை. வேளாண்மை, மருத்துவம் ஆகிய துறைகளின் சோதனை வடிவமைப்பில், முந்தைய சோதனையின் தாக்கம் பிந்தையதைப் பாதிக்காதிருக்க 1949இல் வில்லியம்ஸ் வகுத்த சதுர அமைப்பு இதற்கு உதவும். நால்வர் ஆடினால் நான்கு சுற்றுகளின் வரிசை 1, 2, 4, 3. 2, 3, 1, 4. 3, 4, 2, 1. 4, 1, 3, 2 என அமையும். இந்நான்கு சுற்றுகளில் ஒவ்வொருவரும் முதலிடம் முதல் கடைசி இடம் வரை ஒவ்வோர் இடத்தையும் ஒரு முறை பெறுகின்றனர். ஒவ்வொருவரும் மற்ற மூவருக்கும் பின்னே ஒரு முறை ஆடுகின்றனர். ஒவ்வொரு சுற்றும் செயலி தரும் புதிய சொல்லுடன் தொடங்கி, சுற்றுக்கு ஒருவர் ஒரு முறை ஆட வேண்டும் என்பதே இதற்குரிய நிபந்தனை. மனிதர் நினைவில் வைத்து நடத்தக் கடினமான இவ்வரிசை நிரலுக்கு எளிது. இணையம் தந்த வசதியை நேர்மைக்குப் பயன்படுத்தும் இடம் இதுவே.

மூன்று மாற்றங்களுள் முதலாவது இன்றியமையாதது. முட்டுச்சொல் நிலைத்திருக்குமாயின், எவ்வளவு சமன்செய்த வரிசையும் ஒரே சொல்லில் முறிந்துபோகும்.

முடிவுரை

நன்னூல் கணக்கில் உயிரும் உயிர்மெய்யுமாகிய எழுத்துகளில் பாதிக்கு மேற்பட்டவை மொழிமுதலாகாமையால், அயல்மொழி விதிகளைக் கொண்ட சொற்சங்கிலி தமிழில் முதலில் ஆடுபவருக்கு முழுவெற்றியை அளிக்கிறது. அல்லது அன்றாடச் சொற்களை விலக்கிக் களத்தைச் சுருக்குகிறது. சுருங்கிய களத்தில் முடிவைச் சொல்வளத்தைவிட இருக்கையும் அகராதியின் எல்லையுமே தீர்மானிக்கின்றன. எழுத்துகளின் எண்ணிக்கையை வைத்து எழுந்த இம்முடிவு, ஒரு முழு அகராதியின் சொற்களை ஈறுவாரியாகப் பகுத்து எண்ணும்போது மேலும் துல்லியமாகும். அப்பணி தமிழ்க் கணிமை ஆய்வாளரும் இலக்கண ஆய்வாளரும் இணைந்து செய்யத்தக்கது.

அதுவரை, சொற்சங்கிலியின் மதிப்பெண்ணை மாணவரின் தமிழறிவுக்கு அளவாகக் கொள்வதை ஆசிரியர்கள் தவிர்ப்பது நலம். விளையாட வைக்கலாம், மகிழ வைக்கலாம். தரவரிசை இடுவதற்கு முன், யார் யாருக்குப் பின் ஆடினார் என்ற வினாவுக்கு விடை வேண்டும்.